கிடாய் நனையக் கூடாது

மலைக்கு நடக்கக் கிளம்பிய அன்று மூன்று பேரும் ஆளுக்கு ஒரு பீஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் முடிந்துகொண்டோம். கரண்டுப் பெட்டியில் மூன்று கட்டையும் இருந்தால்தான் எங்கள் கிணற்று மோட்டார் ஓடும். ஒன்று குறைந்தாலும் சும்மா உறுமிக்கொண்டு நிற்கும். ஒரு கட்டை என்னிடம், ஒன்று ராசப்பனிடம், ஒன்று அங்கமுத்துவிடம். நாங்கள் ஊரில் இல்லாத நேரம் பார்த்து எவன் வீட்டாளும் பொத்தானை அமுக்கிவிடக் கூடாது என்பதற்காக நான் சொன்ன யோசனை அது. மற்ற இருவரும் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்கள். அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டதே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

சந்தேகப் பிராணி என்று என் பெண்டாட்டி வசந்தாமணி என்னைச் சொல்வாள். கண்ணைத் திறந்து வைத்திருக்கிறவன் என்று நான் சொல்லிக்கொள்வேன்.

எங்கள் விவசாயக் காடு பனமரத்துப்பட்டி ஏரிக்கு வடக்கே. மூன்று குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே கிணறு. ராசப்பன் எனக்கு மாமன் முறை வீட்டுப் பிள்ளை, சின்ன வயதிலிருந்து மாப்ளே மாப்ளே என்றுதான் பேச்சு. வாயைத் திறந்தால் பீடிப் புகை வருமே தவிர வார்த்தை வராது. அங்கமுத்து அதற்கு நேர்மாறு, எழவு வீட்டிலும் நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் வருவான். மூன்று பேரும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனோம், ஒன்றாக ஏரியில் நீச்சல் கற்றோம், ஒரே வருஷம் கல்யாணம் செய்தோம். கிணற்றுத் தண்ணீர் ஆளுக்கு ஒரு நாள் முறை. இன்றைக்கு ராசப்பன் என்றால் நாளைக்கு நான், மறுநாள் அங்கமுத்து. எங்கள் அப்பன்மார் காலத்திலிருந்து அதில் ஒரு சொல் குற்றம் வந்ததில்லை.

எண்பத்து மூன்றாம் வருஷம் வந்தது. முந்தின வருஷத்து மழை பொய்த்து, ஏரி காய்ந்து, கிணறு அடிக்குப் போய்விட்டது. உள்ளே ஆமை முதுகு மாதிரி ஒரு பாறை உண்டு, ஆமைக்கல் என்போம். மோட்டாரை நிறுத்தி ஒரு ராத்திரி விட்டால், ஊற்று சுரந்து விடியும்போது அந்தக் கல் முழுகியிருக்க வேண்டும். பங்குனி பிறந்ததிலிருந்து என் முறைக்கு நான் போய் எட்டிப் பார்க்கிறேன், ஆமைக்கல் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஒரு தரம் என்றால் சரி. ஒவ்வொரு முறையும் அப்படியே. என் குச்சிக்கிழங்கு இலையெல்லாம் உதிர்த்துக்கொண்டு நின்றது. அந்தக் கிழங்கு போனால் அடுத்த வருஷம் சாப்பாட்டுக்கு வழியில்லை. எனக்கு முந்தின நாள் முறைக்காரன் ராசப்பன். ராத்திரியும் சேர்த்து ஓட்டுகிறான் என்று நான் நினைத்தேன். அதை வாய்விட்டும் சொன்னேன்.

சொன்னதுதான் தாமதம். வாய்க்காலில் வசந்தாமணியும் ராசப்பன் பெண்டாட்டி ராமாயியும் மண்ணை வாரித் தூற்றிக்கொண்டார்கள். அங்கமுத்து நடுவில் புகுந்து, “எனக்குந்தான் கொறையுது, நான் ஆரைச் சொல்றது?” என்றான். அப்படியானால் நீயும் யாரையோ நினைத்து வைத்திருக்கிறாய் என்றேன். அவன் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

ஊர்ப் பெரியவர் சென்னியப்பன் மூன்று பேரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

“வெறுங்காலோட கொல்லிமலைக்கு நடங்க. பஸ் ஏறக் கூடாது. பெரியசாமிக்கு நேந்து உட்ட கெடாய் ஒண்ணு என்ற பட்டியில நிக்குது, ஓட்டிட்டுப் போங்க. அங்க ஆளாளுக்கு மஞ்சத்தண்ணி ஊத்தி, நான் எடுக்கலைன்னு சொல்லோணும். ஆருக்குத் துளுக்குதோ அவன் சுத்தம். ஆருக்குத் துளுக்கலையோ, மழை பேஞ்சு ஏரி நெறையற வரைக்கும் அவனுக்குக் கெணத்துல முறை கெடையாது.”

எங்கள் பக்கம் சாமிக்கு விட்ட கிடாயை அப்படியே வெட்டிவிட மாட்டோம். தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றிவிட்டுக் காத்திருப்போம். கிடாய் உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். அதைத்தான் துளுக்குவது என்பது. துளுக்காவிட்டால் கூட்டத்தில் யாரோ குற்றம் செய்தவன் இருக்கிறான்.

நான் எடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அதனால் தைரியமாகவே கிளம்பினேன். இருந்தாலும் பீஸ் கட்டையை மட்டும் நம்பி ஊரை விட்டுப் போக எனக்கு மனசில்லை. கட்டை இல்லாத இடத்தில் கம்பித் துண்டைச் சொருகி ஓட்டத் தெரியாதவனா உலகத்தில் இருக்கிறான்? கிளம்பும்போது சொம்பை மறந்துவிட்டேன் என்று சொல்லித் திரும்பிப் போய், மோட்டார் ரூம் வாசற்படிக்கு உள்ளே அடுப்புச் சாம்பலைச் சீராகத் தூவிவிட்டு வந்தேன். எவன் கால் வைத்தாலும் தடம் விழும். இதை வசந்தாமணிக்குக்கூடச் சொல்லவில்லை.

முதலில் ஏரியைக் கடந்தோம். ஏரி என்று சொல்வது பழக்கதோஷம். பாளம் பாளமாக வெடித்த களிமண், வெடிப்புக்குள் கால் மாட்டினால் கணுக்கால் போய்விடும். நாங்கள் மூன்று பேரும் முங்கு நீச்சல் அடித்த இடத்தில் கருவேலங்கன்று முளைத்திருந்தது. காலை வெயிலே உள்ளங்காலைப் பொசுக்கியது. கிடாய்தான் ஜோராக நடந்தது. செவலைக் கிடாய், பஞ்சம் பிடித்த பிறகு பிறந்தது. நல்ல மழையில் ஒருநாளும் நனையாத உயிர்.

கயிற்றை யார் பிடிப்பது என்பதில் ஏரியைத் தாண்டும் முன்பே சண்டை வந்துவிட்டது. அங்கமுத்து போகிற வழியில் வேலங்காயைப் பறித்துக் கையாலேயே கிடாய்க்கு ஊட்டிக்கொண்டிருந்தான்.

“கெடாயை எதுக்குடா பழக்கற?” என்றேன்.

“பசிக்காதா அதுக்கு?”

“பசிக்கட்டும். கீழ போடு, அதுவா தின்னுக்கும். உன்ற கையில தின்னா உன்னைய மோந்து பாத்துட்டே துளுக்கும்.”

“மோந்து பாத்துத் துளுக்கறதுக்கு அது என்ன என்ற பொண்டாட்டியா?” என்று அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. ராசப்பன் அவன் கையிலிருந்த வேலங்காயைத் தட்டிவிட்டான். நான் சந்தேகப்படுகிற ஆள் எனக்குப் பரிந்துகொண்டு வந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

மல்லூர் தாண்டி ஒரு புளியமரத்தடியில் பகலுக்குப் படுத்தோம். படுத்தோமே தவிர ஒருத்தனும் தூங்கவில்லை. ஆட்டின் காதுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டுவிட்டால் அது நாள் முழுக்கத் தலையை உதறும் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். அந்த வேலையை எவனாவது செய்துவிடுவானோ என்று நான் ஒரு கண்ணைத் திறந்துகொண்டு குறட்டை விட்டேன். அங்கமுத்துவின் குறட்டையும் சரியாக இல்லை. ராசப்பன் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டிருந்தான், துண்டில் கிழிசல் இருந்தது, கிழிசலுக்குள் கண் இருந்தது. அரை மணி நேரம் அப்படியே கிடந்துவிட்டு, நன்றாகத் தூங்கினோம் என்று சொல்லிக்கொண்டு எழுந்தோம்.

ராசிபுரத்தில் தெருக்குழாயில் நூல் மாதிரி தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ராசப்பன் தலையை நீட்டி நனைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது நாலு துளி கிடாய் மேல் தெறித்தது. அவ்வளவுதான். மூக்கு முதல் வால் வரைக்கும் ஓர் உதறு உதறியது பாருங்கள், ரோட்டில் போனவர்கள்கூட நின்று பார்த்தார்கள்.

“துளுக்கிருச்சு,” என்றான் ராசப்பன். வெகுநேரத்துக்குப் பிறகு அவன் பேசிய வார்த்தை அதுதான். “பாத்தீங்கல்ல? என்ற தண்ணிக்கு.”

“கோயில்லதான் கணக்கு,” என்றேன் நான்.

“சாமி மலையில மட்டுந்தான் இருக்குதா?”

“இங்கயும் இருக்குதுன்னா எதுக்குடா கால் கொப்புளிக்க நடக்கறோம்? வேணும்னே தெளிச்சுட்டுப் பேச்சைப் பாரு!”

கூட்டம் சேர்ந்துவிட்டது. அங்கமுத்துதான் எங்கள் இருவரையும் பிரித்து இழுத்துக்கொண்டு போனான். அப்போது ஒன்று பேசி முடிவு செய்தோம். கோயில் போய்ச் சேரும்வரை கிடாய் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. குடிக்க மட்டும் சட்டியில் வைக்க வேண்டும், அதுவும் மூன்று பேர் முன்னிலையில். அன்று படுத்தபோது கயிற்றை ரோட்டோரம் நட்டிருந்த ஒரு கல்லில் கட்டி ஆளுக்கு ஒரு முடிச்சுப் போட்டோம். ராசப்பன் முடிச்சு எப்படி, அங்கமுத்து முடிச்சு எப்படி என்று நான் நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

நாமகிரிப்பேட்டைப் பக்கம் மஞ்சள் காடெல்லாம் வெறும் மண். ஒரு காட்டில் ரிக் வண்டி போட்டுத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைப் புழுதி ஆள் உயரத்துக்குப் பீய்ச்சியடித்தது, தண்ணீரைக் காணோம். எங்கள் ஊரிலும் மேற்கே ஜவ்வரிசி ஆலைக்காரர் காட்டில் மாசி மாதம் இதேபோல் வண்டி வந்து ஒன்றுக்கு நாலு போர் போட்டார்கள். அங்கே பனை உயரத்துக்குத் தண்ணீர் அடித்தது. மூன்று பேரும் குடும்பத்தோடு போய் வேடிக்கை பார்த்தோம். நான்கூடத் தேங்காய் உடைத்தேன். நம் பூமியில் இவ்வளவு தண்ணீரா என்று எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

முள்ளுக்குறிச்சி வந்ததும் மலை எதிரே வந்து நின்றது. உச்சியில் மேகம். ஏறத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் காற்று மாறிவிட்டது. உடம்பு எரிச்சல் அடங்கியது. நெல்லி, கடுக்காய் மரங்கள் பச்சையாக நின்றன. பச்சை இலையைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று அங்கமுத்து ஒரு கொத்தைப் பறித்துக் கன்னத்தில் ஒட்டிக்கொண்டான். ராசப்பன் பீடியை அணைத்துவிட்டான். நான் எதற்கும் கிடாயின் கயிற்றை விடவில்லை.

பாதி மலையில் பொசுபொசுவென்று சாரல் ஆரம்பித்தது.

முதல் துளி என் மூக்கில் விழுந்தபோது எனக்கு என்னவென்றே தெரியவில்லை. அப்புறம் தோளில், அப்புறம் கையில். மழை. கீழே ஊர் ஊராகக் கழுதைக்குக் கல்யாணம் செய்து வைத்துக் கெஞ்சிக்கொண்டிருக்க, இங்கே கேட்பாரில்லாமல் பெய்துகொண்டிருக்கிறது. வாயைத் திறந்துகொண்டு நின்றேன். பக்கத்தில் பார்த்தால் அவர்கள் இருவரும் அப்படியே நிற்கிறார்கள், ராசப்பன் கண்ணை மூடிக்கொண்டு, அங்கமுத்து நாக்கை நீட்டிக்கொண்டு. பள்ளிக்கூடத்து நாளில் மூன்று பேரும் ஏரிக்கரையில் நின்றது மாதிரி இருந்தது. அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு அவர்கள் மேல் ஒரு சந்தேகமும் இல்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

“கெடாய்!” என்று அங்கமுத்து கத்தினான்.

கிடாய் துளுக்கிக்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து மழை பார்க்காத கிடாய், ஒரு துளிக்கு ஓர் உதறு. உதறி முடிப்பதற்குள் அடுத்த துளி, மறுபடி உதறு. கண்ணை உருட்டிக்கொண்டு, காலைப் பரப்பிக்கொண்டு, சாமியே வந்த மாதிரி ஆடியது.

“மூடு, மூடு! நனையக் கூடாதுடா!”

மூன்று பேரும் மடியிலிருந்த பீஸ் கட்டையைக் கோவணத்தில் முடிந்துகொண்டு இடுப்பு வேட்டியை அவிழ்த்தோம். ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு, கோவணத்தோடு கிடாய்க்குப் பந்தல் பிடித்து ஏறினோம். நாலாவது மூலைக்கு ஆளில்லை, அங்கமுத்து அதைப் பல்லில் கடித்துக்கொண்டான். நாங்கள் தொப்பலாக நனைகிறோம். பாறை வழுக்குகிறது. ஒருத்தன் சறுக்கினால் மற்ற இருவரும் கையைப் பிடிக்க வேண்டும், கையைப் பிடித்தால் வேட்டி போய்விடும். “மாப்ளே, உன்ற பக்கம் தாழுது, தூக்கு!” என்று நான் கத்த, “இன்னும் எங்கடா தூக்கறது?” என்று ராசப்பன் கத்த, அங்கமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு என்னவோ சொல்ல, எங்களை அப்போது யாராவது பார்த்திருந்தால் இந்த மூன்று பேருக்குள் இவ்வளவு ஒற்றுமையா என்று கண் வைத்திருப்பார்கள்.

வேட்டி எவ்வளவு நேரம் தாங்கும்? சொட்டத் தொடங்கிவிட்டது. முதலில் கிடாய் ஒவ்வொரு சொட்டுக்கும் உதறியது. கொஞ்சதூரம் போனதும் நாலு சொட்டுக்கு ஒரு தரம். இன்னும் மேலே போகப் போக அதுவும் இல்லை. வழியோரப் புல்லைக் கடித்து மென்றுகொண்டு, மழையிலேயே பிறந்த மலையாடு மாதிரி நடக்க ஆரம்பித்துவிட்டது. அதை நான் பார்த்தேன். பார்த்தும் அதைப் பற்றி ஒன்றும் யோசிக்கவில்லை, குளிர் நடுக்கியது.

கோயில் என்றால் கட்டடம் ஒன்றும் இல்லை. மரத்தடியில் வேலும் கல்லும். பூசாரி சடையன் கோணியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தார். விவரத்தைக் கேட்டுக்கொண்டார். இப்படிச் சத்தியம் செய்ய வருகிறவர்கள் அங்கே புதிதில்லை.

“ஒவ்வொருத்தரா வாங்க. மனசுல இருக்கறதச் சொல்லி ஊத்துங்க.”

ராசப்பன் முதலில் போனான். “கெணத்துல என்ற முறைக்கு மேல ஒரு சொட்டும் நான் எடுக்கலை சாமி,” என்று சொல்லி ஊற்றினான். மஞ்சள் தண்ணீர் கிடாயின் முதுகில் வழிந்து வயிற்றோரம் சொட்டியது. கிடாய் அசை போட்டது. காத்திருந்தோம். சடையன் உடுக்கையைத் தட்டினார். கிடாய் காதைக்கூட ஆட்டவில்லை. ராசப்பன் இன்னொரு சொம்பு ஊற்றினான். இன்னொன்றும் ஊற்றினான். எனக்கு உள்ளுக்குள் ஜில்லென்று ஒரு திருப்தி. நான் சொன்னேனா இல்லையா?

“அடுத்த ஆளு வாங்க.”

அங்கமுத்து ஊற்றினான். அவனுக்கும் இல்லை. என்னடா இது என்று நினைத்தேன். அப்புறம் அதுவும் சரியாகப்பட்டது. இரண்டு பேரும் கூட்டு. ஒருத்தன் ஓட்ட, ஒருத்தன் காவல் நிற்க. அதனால்தான் அவன் நடுவில் புகுந்து எல்லோரையும் குழப்பினான். எல்லாம் எனக்கு விளங்கிவிட்டது.

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். சொல்ல வேண்டியதை மலைக்கே கேட்கிற மாதிரி சொல்லிச் சொம்பைக் கவிழ்த்தேன்.

கிடாய் என்னைத் திரும்பிப் பார்த்தது. தாடையை இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் அசைத்தது. அவ்வளவுதான்.

இன்னொரு சொம்பு ஊற்றினேன். தலையில் ஊற்றினேன், கொம்புக்கு நடுவில் ஊற்றினேன். சடையன் உடுக்கை அடித்தடித்து ஓய்ந்தார். திரும்பினால் ராசப்பனும் அங்கமுத்துவும் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஊரிலிருந்து அவ்வளவு தூரமும் நான் அவர்களைப் பார்த்துக்கொண்டு வந்த பார்வை அது. என் மேல் அது படுவது அதுதான் முதல் தடவை, தோலை உரிக்கிற மாதிரி இருந்தது.

“பூசாரி, இது நாயமில்லீங்க!” என்று கத்தினேன். “கெடாய் மழையில நனைஞ்சு நனைஞ்சு மரத்துப் போச்சு. பாதி மலையிலயே உதறறத நிறுத்திருச்சு. இப்ப ஆரு ஊத்துனாலும் அது அசையாது!”

“ஏன்டா மயிலு,” என்றான் அங்கமுத்து. சத்தமே போடவில்லை. “எங்களுக்குத் துளுக்காதப்ப இதை ஏன்டா சொல்லலை?”

கையிலிருந்த சொம்பைக் கீழே கவிழ்த்து வைத்தேன்.

“சாமி உத்தரவு குடுக்கலை,” என்றார் சடையன். “கெடாயை ஓட்டிட்டுப் போங்க.”

மலையை விட்டு இறங்கினோம். முள்ளுக்குறிச்சியில் ஒரு கிழங்கு லாரி எங்களை ஏற்றிக்கொண்டது. மூட்டைமேல் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தோம், கிடாய் நடுவில். சமவெளிக்கு வந்ததும் அனல் அடித்து வேட்டி காய்ந்தது, கிடாயும் காய்ந்தது. ராசிபுரம் தாண்டி எதிரே போன வண்டியின் புழுதி வந்து மேலே படிந்தபோது, நட்ட நடு லாரியில் நின்றுகொண்டு மூக்கு முதல் வால் வரை அருமையாக ஒரு துளுக்குத் துளுக்கியது. மூன்று பேரும் பார்த்தோம். அது யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை.

மல்லூரில் இறங்கி ஏரியைக் கடந்து காட்டுக்கு வந்தபோது சென்னியப்பன் மோட்டார் ரூம் முன்னால் நின்றிருந்தார். பெண்பிள்ளைகளும் கூடியிருந்தார்கள்.

“ஆருக்குத் துளுக்குச்சு?”

“ஆருக்கும் துளுக்கலீங்க,” என்றான் ராசப்பன்.

வசந்தாமணி என் பக்கம் திரும்பினாள். இந்தச் சண்டையில் எனக்காக ராமாயியின் தலைமுடியைப் பிடித்தவள்.

“ஏனுங்க, உங்களுக்குமா?”

அந்த ஒரு வார்த்தையில் அவள் எவ்வளவு தூரம் தள்ளிப் போய்விட்டாள் என்பதை எப்படிச் சொல்வேன். மலையில் இரண்டு பேர் பார்த்த பார்வையைத் தாங்கினேன், இதைத் தாங்க முடியவில்லை. நான் எடுக்கலை புள்ளே, எடுக்கலை என்று எல்லோர் முன்னாலும் அலறினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“அப்படீன்னா பேசுனபடிதான்,” என்றார் சென்னியப்பன். “மூணு பேருக்கும் முறை கெடையாது.”

“நில்லுங்க,” என்றேன். “கதவைத் தொறக்கறேன். ஆரும் உள்ள கால் வெக்காதீங்க.”

திறந்தேன். வாசலுக்கு உள்ளே நான் தூவிய சாம்பல் தூவியபடி இருந்தது. பல்லி ஓடிய கோடு ஒன்று, அவ்வளவுதான். “பாத்துக்கங்க. நான் போறப்பத் தூவினது. நாங்க போனதுக்கப்புறம் ஒருத்தனும் உள்ள வரலை.”

அங்கமுத்து என்னை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு எட்டி, சுவரில் இருந்த ஸ்டார்ட்டர் பெட்டியைக் காட்டினான். பச்சைப் பொத்தானுக்கும் பெட்டிக்கும் இடையில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டிக் காய்ந்திருந்தது. “அமுக்குனா நொறுங்கியிருக்கும். நான் உனக்கு முந்தியே வந்து ஒட்டுனேன்.”

ராசப்பன் தொட்டிப் பக்கம் போனான். குழாய் வாய்க்குள் விரலை விட்டு, பந்தாகச் சுருட்டிய வைக்கோலை வெளியே இழுத்தான். முறுகக் காய்ந்த வைக்கோல், ஈரத்தின் வாசனையே இல்லை. மூன்று பேரும் மடியை அவிழ்த்துப் பீஸ் கட்டைகளையும் காட்டினோம்.

அப்படியானால் இத்தனை நாளும் ஒருத்தரும் மோட்டாரைத் தொடவில்லை. அது புரிந்ததும் மூன்று பேருக்கும் ஒரே சமயத்தில் ஒரே நினைப்பு வந்தது. யாரும் எடுக்காமல் இத்தனை நாள் சுரந்த தண்ணீர். ஆமைக்கல் முழுகி அதற்கு மேலும் நிற்க வேண்டும். ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு கிணற்று மேட்டுக்கு ஓடினோம்.

ஆமைக்கல் முழுசாக வெளியே உட்கார்ந்திருந்தது. முதுகு மட்டுமல்ல, அதன் அடிப்பாறை வரைக்கும் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. அதற்கும் வெகு கீழே, ஒரு மூலையில், மாடு படுத்தெழுந்த குழி அளவுக்குப் பச்சைத் தண்ணீர். நாங்கள் கிளம்பின நாளைவிட எவ்வளவோ கீழே.

ராமாயி வாயில் துணியை வைத்துக்கொண்டாள். மேற்கேயிருந்து ஆலைக்காரர் காட்டு மோட்டார்கள் ஓடும் சத்தம் கேட்டது. எப்போதும் கேட்கிற சத்தம்தான், காதில் வாங்கியதில்லை.

“மேக்க நாலு போரு,” என்றார் சென்னியப்பன். “அடியில அவங்க உறிஞ்சறாங்க.”

அங்கமுத்து கிணற்று மேட்டில் உட்கார்ந்துவிட்டான். “எவனாச்சும் ஒருத்தன் எடுத்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்,” என்றான்.

எனக்கும் அதுதான் தோன்றியது. ராசப்பன் திருடியிருந்தால் அவனை நிறுத்திவிடலாம், தண்ணீர் வந்துவிடும், என் கிழங்கு பிழைத்துவிடும். நானே திருடியிருந்தாலும் பரவாயில்லை. என் வாழ்நாளில் ஒரு திருடனுக்காக நான் அவ்வளவு ஏங்கியதில்லை. ராசப்பன் பக்கத்தில் வந்து நின்று பீடியைப் பற்றவைத்தான், ஒரு இழுப்பு இழுத்துவிட்டு என்னிடம் நீட்டினான். எனக்குப் பீடிப் பழக்கம் கிடையாது, வாங்கிக்கொண்டேன்.

பொழுது சாய்ந்த பிறகு எல்லோரும் போய்விட்டார்கள். வசந்தாமணி மட்டும் வரப்பில் எனக்காக நின்றிருந்தாள். நான் சாம்பலை மிதித்துக்கொண்டு மோட்டார் ரூமுக்குள் போய் என் பீஸ் கட்டையை அதன் இடத்தில் சொருகினேன். பின்னாலேயே வந்து ராசப்பன் அவனுடையதைச் சொருகினான், அங்கமுத்து அவனுடையதைச் சொருகினான். கரண்டு இருந்தது, விளக்கு எரிந்தது. பொத்தானை யாரும் அமுக்கவில்லை. கதவைப் பூட்டாமல் சாத்திவிட்டு வந்தோம், அங்கமுத்துவின் சோற்றுப் பருக்கை ஒட்டிய இடத்திலேயே இருந்தது.